ஒயின்ஸ் கடையில ஒயின் இல்ல

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நடுவுல ரயில் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நம்ம ரெக்கார்டிங் ஸ்டூடியோ, அதாவது எங்க வீட்டு மாடி ரூம், திருநின்றவூர் ஸ்டேஷன்ல இருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கு. எவ்வளவு கம்பளி போர்வை தொங்கவிட்டாலும் எக்ஸ்பிரஸ் போற சத்தத்தை நிறுத்த முடியல.

இன்னைக்கு எபிசோட் வழக்கமான டெக் எபிசோட் இல்ல. போன மாசம் பெங்களூர் பக்கத்துல ஒரு சின்ன ஒயினரிக்கு, அதாவது திராட்சையில ஒயின் தயாரிக்கிற இடத்துக்கு, ஒரு நாள் போயிட்டு வந்தேன். 'டேஸ்டிங் டே'ன்னு சொல்வாங்க. தோட்டத்தைச் சுத்திக் காட்டி, எப்படிச் செய்றாங்கன்னு விளக்கி, கடைசியில அஞ்சு வகை ஒயின் கொஞ்சம் கொஞ்சமா ருசி பார்க்கக் குடுப்பாங்க.

"இதுல என்னடா எபிசோட் இருக்கு, ரீல்ஸ் போட்டா முடிஞ்சுது"ன்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா எங்க வீட்டுல 'ஒயின்'ங்கிற வார்த்தைக்கு ஒரு கதை இருக்கு. அதைச் சொல்லாம இதைச் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். இது யாரையும் குடிக்கச் சொல்ற எபிசோட் இல்ல. யாருக்கும் அட்வைஸ் பண்ற எபிசோடும் இல்ல.

போர்டும் மாமாவும்

எங்க ஊரை உள்ளூர்க்காரங்க 'தின்னனூர்'னு சொல்வாங்க. கோயில் பக்கம் ஆர்வம் இருக்கிறவங்களுக்கு பூசலார் நாயனார் ஊர்னு சொன்னா தெரியும். கையில காசு இல்லாம, கல்லு இல்லாம, மனசுக்குள்ளயே ஒரு முழுக் கோயிலைக் கட்டி முடிச்சவர். அவரைப் பத்தி பின்னாடி ஒரு இடத்துல திரும்ப வருவேன்.

நான் சின்னப் பையனா இருந்தப்போ எழுத்துக் கூட்டிப் படிச்ச போர்டுகள்ல 'ஒயின்ஸ்'னு ஒண்ணு இருந்துச்சு. இன்னைக்கும் நம்ம பேச்சுல அது 'ஒயின் ஷாப்'தான். ஆனா அங்க ஒயின் வாங்குறவங்க எத்தனை பேர்? பிராந்தி, ரம், விஸ்கி, பீர். இதுதான் ஓடும். ஒயின்ங்கிற பேர்ல ஒரு கடை, அந்தக் கடையில ஒயின் பேருக்குத்தான்.

கொஞ்சம் பின்னணி. மதுவிலக்கு நம்ம பக்கம் 1937-ல ராஜாஜி ஆட்சியில சேலம் மாவட்டத்துல தொடங்குச்சு. 1971-ல கலைஞர் ஆட்சியில அதைத் தளர்த்தினாங்க. அப்புறம் திரும்ப வந்துச்சு, திரும்பப் போச்சு. 1983-ல டாஸ்மாக் உருவாச்சு. அப்போ அது மொத்த விற்பனைக்கு மட்டும்தான். 2003 கடைசியில சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கிச்சு. என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் தெரிஞ்ச நாள்ல இருந்து கடைன்னா டாஸ்மாக்தான்.

என் மாமா, அம்மாவோட தம்பி, அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் வேலை பார்த்தார். கை சுத்தமான வேலைக்காரர்னு பேர். எனக்கு முதல் ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கிக் குடுத்தவர் அவர்தான். நான் இன்ஜினியரிங் எடுத்ததுக்கு அவர் ஒரு காரணம். தினமும் சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சா ஒரு குவார்ட்டர். அப்புறம் ரெண்டு. அப்புறம் காலையிலயும். நாப்பத்தாறு வயசுல கல்லீரல் போய், அவரும் போயிட்டார். நான் அப்போ பத்தாவது. காரியம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி அம்மா என் கையை எடுத்து அவங்க தலையில வச்சு, "தொட மாட்டேன்னு சொல்லுடா"ன்னாங்க. சொன்னேன்.

காலேஜ் ஹாஸ்டல்ல தொடல. ஆபீஸ் பார்ட்டியில தொடல. "லிவர் ப்ராப்ளமா ப்ரோ?"ன்னு கேட்பாங்க. "ஆமா, எங்க மாமாவுக்கு"ன்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் யாரும் கேட்க மாட்டாங்க.

பெங்களூர் போனது

எங்க டீம்ல பாதிப் பேர் பெங்களூர்ல. மூணு மாசத்துக்கு ஒருமுறை நேர்ல கூடுவோம். எங்க ஊர் வழியாத்தான் பெங்களூர் ரயில் போகும், ஆனா நிக்காது. நான் லோக்கல் புடிச்சு சென்ட்ரல் போய், அங்க ஏறி, அதே தண்டவாளத்துல எங்க வீட்டைத் தாண்டித் திரும்பப் போகணும். மாடியில காயுற துணி தெரியும்.

இந்தத் தடவை சனிக்கிழமைக்கு டீம்ல ஒரு அக்கா டேஸ்டிங் டே புக் பண்ணியிருந்தாங்க. நான் வரலன்னேன். "நீ குடிக்க வேணாம்பா. ஒரு ஃபேக்டரி விசிட்னு நெனச்சுக்கோ. காலேஜ்ல இண்டஸ்ட்ரியல் விசிட் போனதில்லையா?"ன்னாங்க. இன்ஜினியரை எப்படிப் பேசி மடக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். அம்மாகிட்ட "ஆபீஸ் அவுட்டிங்"னு மட்டும் சொன்னேன். எங்கன்னு சொல்லல. அது பொய் இல்ல, ஆனா உண்மையும் இல்ல.

பெங்களூர்ல இருந்து வடக்கே, தொட்டபல்லாபூர் தாண்டி, நந்தி மலை தெரியுற தூரத்துல அந்த இடம். இந்தப் பகுதி ஒயினுக்குப் புதுசு இல்ல. 1988-ல குரோவர் குடும்பம் இங்க பிரெஞ்சு ரகத் திராட்சை நட்டு, 1990-கள் தொடக்கத்துல ஒயின் வெளியிட ஆரம்பிச்சாங்க. அதுக்கும் முன்னாடி இருந்தே 'பெங்களூர் ப்ளூ'ன்னு ஒரு கருநீலத் திராட்சை இங்க விளையுது. அதுக்கு புவிசார் குறியீடும் இருக்கு. மகாராஷ்டிராவுல நாசிக் இன்னும் பெரிய மையம். அங்க 'சூலா' தொடங்கின ராஜீவ் சாமந்த், ஸ்டான்ஃபோர்டுல படிச்சு, ஆரக்கிள் கம்பெனியில வேலை பார்த்துட்டு, அதை விட்டுட்டு ஊர் திரும்பினவர். ஐடி வேலையை விட்டுட்டு விவசாயம் பண்ணணும்னு கனவு காணுற நம்ம கூட்டத்துக்கு அவர்தான் சீனியர்.

நம்ம தமிழ்நாட்டுலயும் திராட்சைக்குக் குறைச்சல் இல்ல. கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஆனா அது பெரும்பாலும் நம்ம வாய்க்கும் ஜூஸ் கடைக்கும்தான் வருது.

நாங்க போனது அந்தப் பெரிய பேருங்க எதுவும் இல்ல. ஒரு குடும்பம் நடத்துற சின்ன இடம். எங்களைச் சுத்திக் காட்டினவர்தான் அங்க ஒயின் தயாரிக்கிறவர். அம்பது வயசு இருக்கும். முதல்ல இங்கிலீஷ்லயும் கன்னடத்துலயும் பேசிட்டிருந்தார். நான் போன்ல அம்மாகிட்ட பேசுறதைக் கேட்டுட்டு, "தம்பி தமிழா? நான் கிருஷ்ணகிரி"ன்னார். அதுக்கப்புறம் எனக்குத் தனி டூர்.

ரெண்டு வெட்டு, ஒரு அறுவடை

மார்ச் மாசம். அறுவடை நேரம். ஒயின் திராட்சை பார்த்திருக்கீங்களா? நம்ம தள்ளுவண்டியில வர்ற மாதிரி பெருசா இருக்காது. சின்னச் சின்னதா, தோல் தடிப்பா, உள்ள ரெண்டு மூணு விதை. ஒண்ணு பறிச்சுக் குடுத்தார். அவ்வளவு இனிப்பா இருக்கும்னு நான் எதிர்பார்க்கல. தோலைக் கடிச்சா மட்டும் வாய் இழுத்துக்கிச்சு.

"குளிர் நாட்டுல இந்தக் கொடி பனிக்காலத்துல இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்கும் தம்பி. நம்ம ஊர்ல குளிர் ஏது? அது பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டே இருக்கும். அதனால நாம வெட்டித்தான் அதுக்கு நேரம் சொல்லணும்"னார். அறுவடை முடிஞ்சு ஏப்ரல் வாக்குல ஒரு வெட்டு. மழை ஓயுற செப்டம்பர், அக்டோபர் வாக்குல இன்னொரு வெட்டு. ரெண்டாவது வெட்டுல இருந்துதான் காய்க்கும். வருஷத்துக்கு ரெண்டு வெட்டு, ஒரு அறுவடை. கீழ வேர் ஒரு ரகம், மேல கொடி ஒரு ரகம், ஒட்டுக் கட்டினது.

கையில டார்ச் மாதிரி ஒரு சின்னக் கருவி வச்சிருந்தார். சாறு ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பார்த்தா உள்ள ஒரு கோடு தெரியும். சர்க்கரை எத்தனை பங்குன்னு காட்டும். அன்னைக்கு 23 காட்டுச்சு. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்னுட்டு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் விடும். 23-னா ஏறக்குறைய 13 சதவீத ஆல்கஹால் வரும். இட்லி மாவு பொங்குற அதே புளிப்புக் கலைதான், நுண்ணுயிர் ஆளு வேற, அவ்வளவுதான்.

உள்ள போனா ஸ்டீல் டேங்க் வரிசை. வெள்ளை ஒயின்னா பழத்தைப் பிழிஞ்சு தோலை எடுத்துட்டு சாறை மட்டும் குளிர்ச்சியா நொதிக்க விடுவாங்க. சிவப்புன்னா தோலோட சேர்த்தே, கொஞ்சம் வெதுவெதுப்பா. நிறம் தோல்லதான் இருக்கு. ஒவ்வொரு டேங்க்லயும் ஒரு அட்டை தொங்குது. தேதி, நேரம், வெப்பநிலை, அடர்த்தி, யார் பார்த்தாங்க, என்ன பண்ணாங்க. சர்வர் லாக் மாதிரியே இருந்துச்சு. "ராத்திரி ரெண்டு மணிக்கு டெம்பரேச்சர் ஏறினா அலாரம் அடிக்கும், எழுந்து வரணும்"னார். "எங்க வேலையும் அதேதான் சார்"னேன். சிரிச்சார்.

ஒரு டேங்க் மேல எட்டிப் பார்க்கப் போனேன். தோள்ல கை வச்சு இழுத்துட்டார். கார்பன் டை ஆக்சைடு காத்தை விட கனம், டேங்க் உள்ள தேங்கி நிக்கும், தலையை விட்டா மயக்கம் வரும், உயிரே போகும்னார். இவ்வளவு அமைதியா இருக்கிற இடத்துல அப்படி ஒரு ஆபத்து.

நெல்லிக்காய் இல்ல, கொய்யா

மதியம் டேஸ்டிங். நீள மேசை, ஆளுக்கு அஞ்சு கிளாஸ், ஒவ்வொண்ணுலயும் 30 மில்லி. நடுவுல தண்ணி, ரொட்டித் துண்டு, அப்புறம் ஒரு பாத்திரம். துப்புறதுக்கு. ஆமா, துப்புறதுக்கேன்னு ஒரு பாத்திரம். வாயில வச்சு, சுழட்டி, ருசி பார்த்துட்டுத் துப்பிடலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அவர் அறுவடை சமயத்துல ஒரு நாளைக்கு முப்பது நாப்பது மாதிரி ருசி பார்ப்பாராம். எல்லாத்தையும் துப்பிடுவார். "முழுங்கினா பதினோரு மணிக்கு மேல எனக்கு வேலை ஓடாது தம்பி."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு வழி கிடைச்ச மாதிரி இருந்துச்சு. துப்பிட்டா சத்தியம் மீறினதாகுமா? இதைக் கேட்டுட்டு இருக்கிற வக்கீல்கள் யாராவது இருந்தா சொல்லுங்க.

முதல் கிளாஸ் செனின் பிளாங்க். ரெண்டாவது சாவிஞான் பிளாங்க். மேசையில வச்சிருந்த அட்டையில 'கூஸ்பெரி, பாஷன் ஃப்ரூட்'னு போட்டிருந்துச்சு. கூஸ்பெரின்னா நமக்கு நெல்லிக்காய். நான் நெல்லிக்காயைத் தேடி மோந்து மோந்து பார்க்கிறேன், வரவே இல்ல. ஏன்னா ஐரோப்பாக்காரங்க சொல்ற கூஸ்பெரி வேற செடி, நம்ம நெல்லி வேற செடி. பேர் மட்டும்தான் ஒண்ணு. அட்டையில இன்னொரு ஒயினுக்கு 'பிளாக்கரண்ட்'. அதை நாங்க யாருமே பழமாப் பார்த்ததில்ல. ஐஸ்கிரீம்ல மட்டும்தான் தெரியும்.

மேசை முழுக்க எல்லாரும் தலையை ஆட்டி, "எஸ், எஸ், கூஸ்பெரி"ன்னு சொல்லிட்டிருந்தோம். காலேஜ் லேப்ல ரீடிங் வராமலே ரெக்கார்ட் நோட்டுல எழுதுவோமே, அந்த மாதிரி.

அவர் என்கிட்ட வந்து, "அந்த அட்டையைத் திருப்பி வைங்க தம்பி. உங்க வீட்டுல மோந்த வாசனை எதாவது வருதா பாருங்க"ன்னார். கண்ணை மூடினேன். கொய்யா! ஸ்கூல் வாசல்ல மொளகாப்பொடி தடவி விப்பாங்களே, அந்தப் பழுத்த கொய்யா. அப்புறம் லேசா பச்சைக் குடமிளகாய் வெட்டின வாசனை. சொன்னேன். "ரெண்டுமே சரி. குடமிளகாய் வாசனைக்குக் காரணமான பொருள் இந்தத் திராட்சையிலயும் இருக்கு"ன்னார்.

நாலாவது கிளாஸ் ஷிராஸ். மோந்ததும் மிளகு. எங்க வீட்டு ரசத்துக்கு இடிச்ச மிளகு. ஏதோ கற்பனைன்னு நினைச்சேன். இல்லையாம். ரோட்டண்டோன்னு ஒரு மூலக்கூறு. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஷிராஸோட மிளகு வாசனைக்கு இதுதான் காரணம்னு 2008-ல எழுதினாங்க. நம்ம மிளகுலயும் அதே மூலக்கூறுதான் வாசனை குடுக்குது. ஒயினைப் பார்த்து மிளகுன்னு சொல்றது கவிதை இல்ல, கெமிஸ்ட்ரி.

சிவப்பு ஒயினை வாயில வச்சா ஒரு இழுப்பு வரும். தோல்லயும் விதையிலயும் இருக்கிற டானின் எச்சில்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கிட்டு நாக்கை வறட்டும். டீம்ல ஒருத்தர் 'ட்ரை'ங்கிறார், இன்னொருத்தர் 'க்ரிப்பி'ங்கிறார், 'ஒரு மாதிரி டெக்ஸ்சர்'ங்கிறார். நான் சொன்னேன், எங்க மொழியில இதுக்கு ஒரே வார்த்தை, துவர்ப்பு. அறுசுவையில ஒண்ணு. வாழைப்பூ, பாக்கு, நாவல்பழம். எங்க பாட்டி அஞ்சு வயசுலயே சொல்லிக் குடுத்தது.

அங்கதான் எனக்கு பூசலார் ஞாபகம் வந்தார். கிளாஸ்ல இருக்கிறது புளிச்ச திராட்சைச் சாறு, அவ்வளவுதான். கொய்யாவும் மிளகும் நாவல்பழமும் நம்ம உள்ள ஏற்கெனவே இருக்கு. உள்ள இருக்கிறதை வச்சுத்தான் கட்ட முடியும். இன்னொருத்தன் ஊர்ப் பழத்தை வச்சுக் கட்ட முடியாது.

இன்னொண்ணும் அவர் சொன்னார். ஒயின் நமக்கு அந்நியம்னு நினைக்காதீங்க, ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே நம்ம துறைமுகத்துக்கு வந்த சரக்குதான்னு. உண்மைதான். புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ, மத்தியதரைக்கடல் பக்கத்துல இருந்து ஒயின் ஏத்தி வந்த ஆம்ஃபோரா ஜாடித் துண்டுகள் கிடைச்சுது. புறநானூறுலயும் யவனர் கொண்டு வந்த தேறல் வருது. அப்போவும் அதைக் குடிச்சது ராஜாதான்.

பீப்பாய் ரூம்

அஞ்சாவது கிளாஸுக்கு முன்னாடி பீப்பாய் அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஓக் மரப் பீப்பாய், ஒண்ணு 225 லிட்டர். குளிர், இருட்டு. மரத்து வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிட்டே இருக்கும். அந்த வாசனை முகத்துல அடிச்சுது. மரம், இனிப்பு, கூட ஆல்கஹால்.

எனக்கு அங்க நிக்க முடியல. அது மாமாவோட சட்டை வாசனை. லேத் மிஷின் ஆயிலும் பிராந்தியும் கலந்து, வீட்டுக்குள்ள நுழையும்போதே வரும். மத்தவங்க செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க. நான் வெளியில வந்து படியில உக்காந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல அவர் வந்து பக்கத்துல உக்காந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சமாதானம் எதுவும் சொல்லல. "என்ன குடிப்பார்?"ன்னு மட்டும் கேட்டார். பிராந்தின்னேன். "பிராந்தின்னா உண்மையில காய்ச்சி வடிச்ச ஒயின்தான் தம்பி. ஆனா நம்ம கடையில விக்கிறது பெரும்பாலும் மொலாசஸ்லயோ தானியத்துலயோ எடுத்த ஸ்பிரிட். நிறமும் எசன்ஸும் சேர்ப்பாங்க"ன்னார்.

நான் போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். பழக்க தோஷம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எங்க மேசையில இருந்த அஞ்சு கிளாஸும் சேர்த்தா 150 மில்லி, 13 சதவீதம். 20 மில்லிக்கும் கீழ. அதையும் மூணு மணி நேரத்துல, சாப்பாட்டோட, முக்காவாசி துப்பிட்டு. மாமா ரெண்டு குவார்ட்டரை இருபது நிமிஷத்துல, தண்ணி பாக்கெட்டோட, நின்னுக்கிட்டே முடிப்பார். அது ஒன்றரை பாட்டில் ஒயினுக்கு மேல.

"அப்போ ஒயின் பரவாயில்லையா சார்? இதயத்துக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?"ன்னு கேட்டேன். அவர் விக்கிறவர். ஆமான்னு சொல்லியிருக்கலாம். "அப்படியெல்லாம் சொல்லிக்கிட்டு வித்த காலம் ஒண்ணு இருந்துச்சு. நான் சொல்ல மாட்டேன். ஒரு பாட்டில் ஒயின்ல உங்க குவார்ட்டரை விடக் கூடவே இருக்கு. பேர் அழகா இருந்தா கல்லீரலுக்குத் தெரியுமா?"ன்னார். உலக சுகாதார நிறுவனமும் 2023 ஜனவரியில தெளிவாவே சொல்லிடுச்சு, ஆல்கஹால்ல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு.

அந்தப் படியில உக்காந்து நான் யோசிச்சது இதுதான். மாமா இத்தனை வருஷம் குடிச்சார். ஆனா ஒரு நாளும் அதை மோந்து பார்த்திருக்க மாட்டார். மூக்கைச் சுருக்கி, கண்ணை மூடி, ஒரே மடக்கு. மருந்து குடிக்கிற மாதிரி. ருசி தெரியக் கூடாதுன்னுதான் குடிச்சார். இங்க எனக்குக் கிடைச்சது மலை, நாற்காலி, ரொட்டி, 'என்ன வாசனை வருது'ன்னு கேட்க ஒரு ஆள், வேணாம்னா துப்ப ஒரு பாத்திரம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிச்சவருக்குக் கிடைச்சது ஒரு கம்பி ஜன்னல். ரெண்டுலயும் இருக்கிற பொருள் ஒண்ணுதான். 'ரசனை'ன்னு நாம சொல்றதுல பாதி, நேரமும் காசும். இது தெரியாம நாளைக்கு நான் கிளாஸைச் சுழட்டிக்கிட்டு, டாஸ்மாக் வாசல்ல நிக்கிறவரைப் பார்த்து முகம் சுளிச்சேன்னா, என்னை மாதிரி முட்டாள் யாரும் இல்ல.

இன்னொரு பக்கமும் சொல்லணும். மாமாவுக்கு நாற்காலியும் மலையும் கிடைச்சிருந்தா மட்டும் பிழைச்சிருப்பார்னு நான் சொல்ல வரல. அவருக்கு இருந்தது ஒரு நோய். நாங்க அதைக் கெட்ட பழக்கம்னு சொல்லித் திட்டினோம், கெஞ்சினோம், ரூம்ல வச்சுப் பூட்டினோம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போ கல்லீரல் டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போனோம், அதுவும் கடைசியில. குடியை நிறுத்துறதுக்கும் சிகிச்சை இருக்குன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியல. உங்க வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தா, தயவுசெஞ்சு மனநல மருத்துவர்கிட்ட போங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு. திடீர்னு நிறுத்தச் சொல்லி வீட்டுலயே அடைச்சு வைக்காதீங்க. ரொம்ப நாள் குடிச்ச உடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த எபிசோட்ல வேற எது மறந்தாலும் இது மறக்காதீங்க.

துப்புனியா, முழுங்குனியா?

திரும்ப உள்ள போனேன். அஞ்சாவது கிளாஸ் கேபர்நே, அந்தப் பீப்பாயில ஒரு வருஷம் இருந்தது. மோந்தேன். நாவல்பழம். அதை மட்டும் நான் துப்பல. ஏன்னு தெரியல. ஒரு வாய். முழுங்கிட்டு மீதியை வச்சுட்டேன். போதை எதுவும் இல்ல. ஆனா சத்தியத்துக்கு மில்லி கணக்கு கிடையாதே.

பாட்டில் எதுவும் வாங்கல. ஒரு மாநிலத்துல வாங்கினதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு வர்றதுக்குக் கலால் விதிகள் இருக்கு, போறவங்க பார்த்துக்கோங்க. கண்டிப்பா சாப்பிட்டுட்டுப் போங்க, முன்பதிவு பண்ணிட்டுப் போங்க, திரும்ப வண்டி ஓட்ட ஆள் வச்சுக்கோங்க. வெளியில ரோட்டோரம் பெங்களூர் ப்ளூ வித்துட்டு இருந்தாங்க. ரெண்டு கிலோ வாங்கினேன்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து, திராட்சையைக் கழுவி தட்டுல வச்சுட்டு, அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். எங்க போனேன், என்ன பார்த்தேன், துப்புற பாத்திரம் உட்பட. முழுசாக் கேட்டாங்க. டிவியை நிறுத்தினாங்க. ஒரே கேள்வி.

"துப்புனியா, முழுங்குனியா?"

"நாலு துப்பினேன். ஒண்ணு முழுங்கினேன்."

எழுந்து உள்ள போயிட்டாங்க. ரெண்டு நாள் பேசல. தட்டு அப்படியே இருந்துச்சு. மூணாவது நாள் காலையில லோக்கலுக்குக் கிளம்புறேன், டிபன் பாக்ஸைக் கையில குடுத்துட்டு, "உங்க மாமா ஒரு நாளும் எங்க போனேன், எவ்வளவு குடிச்சேன்னு வீட்டுல வந்து சொன்னதில்லடா"ன்னாங்க. அதுக்கு மேல எதுவும் சொல்லல. மன்னிச்சாங்களா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. சாயங்காலம் வந்து பார்த்தேன், தட்டுல திராட்சை பாதி காலி.

திரும்பப் போவியான்னு டீம்ல அந்த அக்கா கேட்டாங்க. போவேன். மோந்து பார்க்க. மீதியைத் துப்பிட்டு வருவேன். இந்தத் தடவை கிளம்புறதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட சொல்லிட்டுப் போவேன்.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுலயும் ஒரு வார்த்தைக்கு இப்படி ஒரு கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல வழக்கம் போல டெக் பேசுவோம். ஒரு எக்ஸ்பிரஸ் வருது, அது போறதுக்குள்ள முடிச்சுக்குறேன்.